வன்னியில் பால்புதுமை ஊகப் புனைவு: எழுதுவோரும் பதிப்பிப்போரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் இருந்து ஊகப் புனைவு எழுதும் பால்புதுமையினருக்கும், அந்த எழுத்தை நூலாக்க நினைக்கும் சிறு பதிப்பாளருக்கும் இந்தக் கேள்வி பதில்கள். கூடி வாசிப்பது, திருத்துவது, நூலாக்குவது, இவ்வளவுதான் எங்கள் வட்டத்தின் வேலை. எல்லா விடைகளுக்கும் அடியில் ஒரு விதி உண்டு. கதை எவ்வளவு தூரமும் போகட்டும்; எழுதியவர் யார் என்பது அவர் விரும்பிய தூரம் வரைக்கும்தான் போக வேண்டும்.

ஊகப் புனைவு என்று எதைச் சொல்கிறீர்கள்?

"இப்படி இருந்தால் என்ன ஆகும்?" என்று தொடங்கும் கதைகள் எல்லாம் இதற்குள் வரும். அறிவியல் புனைவு, மாயக் கதை, பேய்க் கதை, மாற்று வரலாறு எதுவும் சரி. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளை மனிதர் இல்லாமல் ஓர் இயந்திர மூளை திறந்து மூடினால்? 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் அதன்பிறகு தோற்காமலே இருந்திருந்தால்? வற்றாப்பளை அம்மனுக்கு உப்புநீரில் விளக்கெரிவதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த ஆட்களுக்கு இந்த எழுத்து அந்நியமானதல்ல.

பால்புதுமையினர் என்றால் யார்? நான் சேரலாமா?

தன்பாலீர்ப்பு உள்ளவர், இருபாலீர்ப்பு உள்ளவர், திருநங்கையர், திருநம்பியர், ஊடுபாலினர், ஆண் பெண் என்ற இரண்டுக்குள்ளும் அடங்காதவர், இன்னும் தன்னைத் தேடிக்கொண்டிருப்பவர் எல்லோரும். தமிழ்நாட்டு அரசு 2022 ஆகஸ்டில் இதற்கான தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. பதிப்பாசிரியர் பார்த்து வைத்திருப்பது நல்லது. ஆனாலும் ஒருவர் தன்னை எந்தச் சொல்லால் அழைக்கிறாரோ அந்தச் சொல்தான் வட்டத்துக்குள் செல்லும்.

நீங்கள் யார் என்று எங்களிடம் சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டை கேட்பதில்லை, "நிரூபி" என்றும் கேட்பதில்லை. வயது 18 நிறைந்திருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். 16 வயதுப் பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் வந்து, பிறகு அது தெரியவந்தால், அந்தப் பிள்ளைக்கும் மற்ற எல்லோருக்கும் வரக்கூடிய ஆபத்தை எங்களால் தாங்க முடியாது. சொல்ல மனம் நோகிறது, ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

இதற்கென்று தனி வட்டம் ஏன்? ஊரில் இலக்கிய வட்டங்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன, நல்ல வட்டங்களும் உண்டு. ஆனால் அங்கே இரண்டு சுமை சேர்ந்து வரும். "பேயும் றொக்கற்றும் இலக்கியமா?" என்பது ஒன்று. "இந்தப் பாத்திரம் ஏன் இப்படி?" என்பது மற்றது. இரண்டுக்கும் பதில் சொல்லி முடிய நேரம் போய்விடும், கதையின் மூன்றாம் பக்கத்தில் ஏன் தொய்வு என்று பேச ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். அந்தப் பேச்சுக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே தனி வட்டம்.

பிற மொழிகளில் இது நடந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவில் லாம்ப்டா இலக்கிய விருதுகள் 1989இல் தொடங்கின. பால்நிலையைப் புதிதாக ஆராயும் ஊகப் புனைவுக்கென்று 1991இல் ஏற்பட்ட விருது 2019 முதல் அதர்வைஸ் விருது எனப்படுகிறது. கேலக்டிக் ஸ்பெக்ட்ரம் விருதுகள் 1999 முதல் வழங்கப்பட்டன. அவற்றுக்குப் பின்னால் இருந்ததும் எழுத்தாளர், வாசகர்களின் உழைப்புத்தான்.

எங்கே, எப்போது சந்திப்பது நல்லது?

மாங்குளம். ஏ9 வீதியும் முல்லைத்தீவு போகும் ஏ34 வீதியும் சேரும் சந்தி அது. கிளிநொச்சியில் இருந்தும் வவுனியாவில் இருந்தும் முல்லைத்தீவில் இருந்தும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கலாம், ரயிலும் நிற்கும். இன்னொரு நன்மையும் உண்டு: சந்தியில் இறங்குபவரை எவரும் "ஏன் இங்க?" என்று கேட்பதில்லை, எல்லோரும் எங்கேயோ போகிற வழியில்தான் இருப்பார்கள். போயா (முழுநிலவு) விடுமுறை நாளில் காலை 10 மணிக்குத் தொடங்கி 2 மணிக்குள் முடியுங்கள். பின்னேரம் பஸ் குறையும். இருட்டிய பிறகு உள்வீதிகளில் யானைப் பயம் இருக்கிறது, தனியே வீடு திரும்புகிற திருநங்கைக்கு மனிதப் பயமும் இருக்கிறது.

ஒருவருடைய வீட்டில் சந்திக்க வேண்டாம். ரியூசன் கொட்டில், சனசமூக நிலையம், வாசிகசாலை மண்டபம் போதும். "சிறுகதைப் பயிற்சி" என்று சொல்லி எடுங்கள், அது பொய்யுமல்ல. பத்துப் பேருக்கு மேல் கூடினால் யார், எதற்கு என்று விசாரிப்பு வருவது வன்னியில் புதிதல்ல. ஐந்து முதல் ஏழு பேர் அளவான கூட்டம். மண்டபத்தை ஒருவர் பெயரில் மட்டும் பதியுங்கள், வருகைப் பதிவேடு வைக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள்.

வட்ஸ்அப் குழு தொடங்கலாமா?

வேண்டாம். குழுவில் உள்ள ஒவ்வொருவரின் இலக்கமும் மற்ற எல்லோருக்கும் தெரியும். இலக்கம் தெரிந்தால் பெயரைக் காட்டும் செயலிகள் உண்டு. வீட்டில் ஒரு போனை மூன்று பேர் பாவிப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். சிக்னல் செயலியில் 2024 முதல் பயனர்பெயர் வைத்து இலக்கத்தை மறைக்கலாம். அமைப்பில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், இலக்கத்தை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் "ஒருவரும் இல்லை" என்று மாற்றுங்கள். மறையும் செய்திகளை ஒரு வாரத்துக்கு வையுங்கள். பூட்டிய திரையில் செய்தியின் முதல் வரி தெரியாதபடி அறிவிப்பை நிறுத்துங்கள். அதிகமாகக் காட்டிக்கொடுப்பது இந்த முதல் வரிதான்.

வாசிப்பு அமர்வில் என்ன நடக்கும்?

ஓர் அமர்வுக்கு இரண்டு கதை. ஒவ்வொன்றும் 2,500 சொல்லுக்குள், ஏழு நாள் முன்னதாகக் கைக்கு வர வேண்டும். அன்றைக்கு முதல் பக்கத்தை எழுதியவர் அல்லாத ஒருவர் உரத்து வாசிப்பார். வாசிப்பவரின் நாக்கு எங்கே தடுக்கிறதோ அங்கே வசனம் உடைந்திருக்கிறது. எழுதியவரே வாசித்தால் அந்த உடைவு குரலுக்குள் மறைந்துவிடும். பிறகு 25 நிமிடம் பேச்சு. முதல் 15 நிமிடம் எழுதியவர் வாய் திறப்பதில்லை. ஒவ்வொருவரும் மூன்று மட்டும் சொல்வார்: கதையில் என்ன நடந்தது என்று நான் விளங்கிக்கொண்டேன், எந்த வரியில் நின்றுவிட்டேன், எது தெரியாமல் போனது. "நான் எழுதியிருந்தால்" என்று தொடங்கும் ஆலோசனைக்கு இடமில்லை.

"இது உங்களுக்கு நடந்ததா?" என்று ஒருவரிடமும் கேட்கக் கூடாது. கேட்டவர் அந்த அமர்வில் மேற்கொண்டு பேச முடியாது. அச்சுப் பிரதிகளில் எண் போட்டுக் கொடுத்து, முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்குங்கள்.

ஆணும் பெண்ணும் அல்லாத பாத்திரத்தைத் தமிழில் எப்படி எழுதுவது?

எல்லோரையும் மறிக்கிற இடம் இது. ஆறுதலாகப் பார்ப்போம்.

தமிழில் வினைமுற்று பாலைச் சொல்லிவிடும்: வந்தான், வந்தாள். ஆண்மை திரிந்த பெயருக்கென்று தனி ஈறு இல்லை, உயர்திணைப் பால் ஈறுகளையே அது கொள்ளும் என்று தொல்காப்பியக் கிளவியாக்கமே பேசுகிறது. ஆகவே இந்தச் சிக்கல் நேற்று முளைத்ததல்ல. தமிழ்நாட்டில் பலர் "அவர் வந்தார்" என்று இதைத் தீர்க்கிறார்கள். எழுத்து நடைக்கு எங்களுக்கும் அது உதவும். ஆனால் உரையாடலில் விழுந்துவிடும். எங்கட பேச்சில் "அவர் வாறார்" என்றால் ஆண், "அவா வாறா" என்றால் பெண். முள்ளியவளையில் ஒரு வாசகர் "அவர் இன்னும் வரேல்லையோ?" என்ற வரியைக் கண்டதும் மனதில் ஓர் ஆம்பிளையை இருத்திவிடுவார். "அவை வருகினம்" என்று பன்மையை ஒருவருக்குப் பாவிப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் முதல் பக்கத்திலேயே அது ஒருவர்தான் என்று தெரியும்படி ஒரு காட்சி வையுங்கள், இல்லாவிட்டால் வாசகர் இரண்டாவது ஆளைத் தேடிக்கொண்டு போவார். "அது வருது" என்பது குழந்தைக்குச் செல்லம். அதே சொல் திருநங்கைகள் மேல் எறியப்படும் கல். வெறுக்கும் பாத்திரத்தின் வாயில் தவிர வேறெங்கும் வைக்க வேண்டாம்.

பால் காட்டாமலே வசனம் அமைக்கத் தமிழில் நிறைய வழி இருக்கிறது. ஓர் உதாரணம் (துருசு என்பது குளத்து நீரைத் திறந்துவிடும் மடை).

திருத்த முன்: "கதிர் விடியமுன்னம் குளக்கட்டுக்கு வந்தான். துருசுக் கதவைத் தொட்டான். அது சுட்டதால் பயந்தான். ஒருவரிடமும் சொல்லவில்லை."

திருத்திய பின்: "விடியமுன்னம் குளக்கட்டுக்கு வந்தது கதிர் மட்டும்தான். துருசுக் கதவில் கை பட்டதும் சூடு. கதிருக்குப் பயம் பிடித்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை."

முதல் வரியில் வினை முன்னே போய்ப் பெயர் கடைசிக்கு வந்தது. "வந்தது" எந்தப் பாலுக்கும் பொருந்தும். இரண்டாவதில் ஆளுக்குப் பதிலாகக் கை. மூன்றாவதில் "கதிருக்கு": பசி, பயம், தெரிதல், விருப்பம், நோவு எல்லாம் தமிழில் இப்படி வரும், பால் கேட்காது. நாலாவது வரியை நாங்கள் தொடவே இல்லை, "இல்லை" முன்பே பால் அற்றது. இதேபோல் வரலாம், வேண்டும், முடியாது, இருக்கட்டும் எல்லாம் கைகொடுக்கும். தன்மையில் எழுதினால் "நான் வந்தேன்" என்பதில் பிரச்சினையே இல்லை.

எங்கே பிழைக்கும்? "வந்தது கதிர்" என்ற அமைப்புப் பெயரின் மேல் பாரம் ஏற்றும். பந்திக்கு ஒன்றுக்கு மேல் வந்தால் எல்லா வரியும் மர்மம் போலத் தொனிக்கும். "கதிர் வரும்" என்று எதிர்காலத்தில் எழுதினால் அஃறிணை ஆகிவிடும், "வரக்கூடும்" என்று மாற்றுங்கள். உரையாடலில் "ஆள் இன்னும் வரேல்லை" என்பது மிக இயல்பு. முறைச்சொல்லில் அண்ணா, அக்கா, மச்சான், மச்சாள் எல்லாம் பாலைக் கேட்கும். பெரியவர்கள் வாயில் வரும் பிள்ளை, மோனை, குஞ்சு என்பவை கேட்கா. "என்ன மோனை, சாப்பிட்டியோ?" என்று ஓர் ஆச்சி கேட்கும் ஒரு வரியில் பாத்திரம் முழு மனிதராகிவிடும்.

பேயும் தெய்வமும் வரும் கதையில் எதைக் கவனிக்க வேண்டும்?

கதையில் யார் பயப்படுகிறார், யாரைப் பார்த்து என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மோகினி உண்மையில் "ஆம்பிளை" என்று கடைசி வரியில் தெரிய வருவதுதான் திகில் என்றால், அந்தக் கதை திருநங்கையைப் பேயாக்கியிருக்கிறது. சாபத்தால் உடல் மாறி, பூசையால் "சரியாவது" இன்னொரு பழைய அச்சு. உடல் மாறுவது பாத்திரத்துக்கு விடுதலையாக இருந்தால் என்ன என்று ஒரு தரம் திருப்பிப் பாருங்கள், பாதிக் கதைகள் அங்கேயே உயிர் பெறும். கோவலன் கூத்தில் ஆண் கண்ணகியாக ஆடியதை இரவிரவாக விழித்திருந்து பார்த்த ஊர்கள் எங்களுடையவை; அதற்குள்ளே இன்னும் எழுதப்படாத கதைகள் கிடக்கின்றன.

உண்மையான கோயிலின் பெயரைப் போட்டால் அதன் சடங்கை மாற்றாதீர்கள். மாற்ற வேண்டுமென்றால் கற்பனைக் குளமும் கற்பனை ஐயனாரும் வையுங்கள்.

போரைப் பற்றி எழுதலாமா? காலப் பயணத்தில் காணாமல் போனவரைத் திருப்பிக் கொண்டுவரலாமா?

எழுதலாம். ஆனால் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 முதல் தொடர் போராட்டத்தில் இருந்தார்கள் என்பதை மனதில் வைத்து எழுதுங்கள். காணாமல் போன மகன் கடைசிப் பந்தியில் படலையைத் திறந்துகொண்டு வருவது வேறு ஊர் வாசகருக்கு நெகிழ்ச்சி. இங்கே அந்த வரியை வாசிக்கும் தாய்க்கு அது வேறொன்று. திரும்பி வருவதைக் கதையின் முடிவாக வைக்காமல் தொடக்கமாக வையுங்கள். வந்தவர் திருநம்பியாக வந்தால் வீடு என்ன செய்யும், மரணச் சான்றிதழ் எடுத்துவிட்ட குடும்பம் என்ன செய்யும் என்று கேட்டால் கதை ஆறுதலைக் கடந்து போகும். உண்மையான ஒருவரின் பெயர், ஊர், காணாமல் போன திகதி மூன்றும் ஒன்றாக வரக் கூடாது.

இப்படி எழுதுவது சட்டப்படி குற்றமா?

தன்பால் உறவைப் பற்றிக் கதை எழுதுவதைக் குற்றமாக்கும் பிரிவு இல்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் செயலைப் பற்றியவை, எழுத்தைப் பற்றியவை அல்ல. அவற்றைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் முடிவு சொன்னது, ஆனால் அந்தச் சட்டமூலம் நிறைவேறவில்லை.

எழுத்துக்கு வரும் ஆபத்து வேறு பக்கத்தில் இருக்கிறது. 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம், 2007ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் சட்டம் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம்), 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஆகிய மூன்றையும் பதிப்பாளர் தெரிந்திருக்க வேண்டும். சிங்கள எழுத்தாளர் ஷக்திக சத்குமார பேஸ்புக்கில் இட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் ஐசிசிபிஆர் சட்டத்தின் கீழ் கைதாகி, ஏறத்தாழ நாலு மாதம் விளக்கமறியலில் இருந்தார்; 2021இல்தான் வழக்கில் இருந்து விடுபட்டார். அந்தக் கதை விகாரையையும் தன்பால் உறவையும் தொட்டது. மன்னாரைச் சேர்ந்த தமிழ்க் கவிஞர் அஹ்னஃப் ஜசீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். தமிழ் தெரியாதவர் தமிழ்ப் புனைவை வாசித்துத் தீர்ப்பிடும் நிலை இங்கே உண்டு.

ஆகவே மதத் தலத்தையோ மதகுருவையோ தொடும் கதையை அச்சுக்கு முன் ஒரு சட்டத்தரணி வாசிக்க வேண்டும். உடலுறவுக் காட்சியில் 18 வயதுக்குக் குறைந்த பாத்திரம் எந்த நிலையிலும் வரக் கூடாது. முழுக் கதையையும் முதலில் பேஸ்புக்கில் போடாதீர்கள். துண்டு துண்டாக வெட்டிப் பகிர அது வழி செய்துகொடுக்கும்.

புனைபெயரில் எழுதினால் கதை எனக்குச் சொந்தமா?

சொந்தம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதிய உடனேயே பதிப்புரிமை உங்களுடையது, எங்கும் பதியத் தேவையில்லை. பெயரை மறைத்துப் புனைபெயரைப் பாவிப்பதும் அதே சட்டம் தரும் உரிமை. சொந்தப் பெயரில் வந்தால் வாழ்நாளும் பிறகு 70 ஆண்டும் பாதுகாப்பு. புனைபெயரில் வந்தால் முதல் வெளியீட்டில் இருந்து 70 ஆண்டு. கதை உங்களுடையது என்று காட்ட, திகதி உள்ள வரைவுகளை வைத்திருங்கள்.

புனைபெயரை உடைப்பது அனேகமாகக் கோப்புத்தான். வேர்ட் கோப்பு கணினி உரிமையாளரின் பெயரைத் தன்னுள் எழுதி வைக்கும், திருத்தக் குறிப்புகளிலும் அந்தப் பெயர் நிற்கும். அனுப்ப முன் ஃபைல், இன்ஃபோ, செக் ஃபோர் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டொக்கியூமென்ட் என்று போய்த் தனிப்பட்ட தகவலை நீக்குங்கள். நீக்கிய பிறகு பிடிஎஃப் ஆக்குங்கள், ஆக்கிய பிடிஎஃபின் பண்புகளையும் திறந்து பாருங்கள். கோப்பின் பெயரிலேயே சொந்தப் பெயர் இருப்பதும் நடக்கும். கூகுள் டொக்ஸ் இணைப்பில் மின்னஞ்சல் கணக்கின் பெயர் தெரியும்; புனைபெயருக்குத் தனிக் கணக்குத் திறந்து, மீட்பு இலக்கமாக வீட்டுப் போனைக் கொடுக்காமல் விடுங்கள். ஊர், பள்ளிக்கூடம், தொழில் மூன்றும் ஆசிரியர் குறிப்பில் சேர்ந்து வந்தால் வன்னியில் ஆளைக் கண்டுபிடிக்க அரை நாள் போதும். ஒன்றை மட்டும் வையுங்கள்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது பரவாயில்லையா?

வாங்குவோம், ஆனால் யூனிகோடுக்கு மாற்றிய பின் நீங்களே ஒருமுறை வாசித்துத் தர வேண்டும். "கௌ" என்பது "கெள" ஆகும், "ஔ" என்பது "ஒள" ஆகும். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், தேடும்போது கிடைக்காது. கொம்பும் காலும் பிரிந்து போகும் இடங்களையும் பாருங்கள். இடையில் வந்த ஆங்கில எழுத்தும் குறியீடுகளும் குப்பையாக மாறியிருக்கும்.

ஒரு தொகுப்பு நூலுக்கு எத்தனை கதை, எத்தனை பக்கம், எத்தனை பிரதி?

ஒன்பது கதை நல்ல அளவு. கதைக்கு 2,500 சொல் என்றால் 22,500 சொல். டெமி அளவில் 11 புள்ளி எழுத்தில் பக்கத்துக்கு ஏறத்தாழ 230 சொல் பிடிக்கும். தமிழ்ச் சொல் நீளம் என்பதால் ஆங்கிலக் கணக்கு இங்கே செல்லாது. ஆக 98 பக்கம், முன்பக்கங்கள் 8 சேர்த்து 106. அச்சகம் 16 பக்கத்தை ஒரு பாரமாக (ஃபோர்ம்) அச்சிடும். 7 பாரம் 112 பக்கம். மிஞ்சும் ஆறு பக்கத்தில் ஒவ்வொரு கதையையும் புதுப் பக்கத்தில் தொடங்கலாம், சொற்குறிப்பும் சேர்க்கலாம். 113 பக்கம் வந்தால் இன்னொரு பாரத்துக்குக் காசு போகும், முன்னுரையைச் சுருக்குங்கள்.

உள்தாள் 70 அல்லது 80 ஜிஎஸ்எம், அட்டை 250 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல். 64 பக்கத்துக்கு உட்பட்டது என்றால் நடுவில் கம்பி தைத்தால் போதும். அதற்கு மேல் பசைக் கட்டு. மாதிரிப் பிரதியை நடுவில் முழுதாக விரித்துப் பாருங்கள், முதுகில் சத்தம் கேட்டால் பசை மட்டம், இரண்டாவது வாசிப்பில் தாள் கழரும். முதல் பதிப்புக்கு 100 பிரதி டிஜிட்டல் அச்சு. 300க்கு மேல் போனால்தான் ஓஃப்செற் இலாபம், கட்டிலுக்குக் கீழே 250 பிரதி கிடப்பதில் ஒருவருக்கும் பயனில்லை. மாரிக்கு முன் வாங்கி வைத்தால் பெட்டியை நிலத்தில் வைக்காதீர்கள், பலகை போட்டு உயர்த்துங்கள்.

ஐஎஸ்பிஎன் (சர்வதேச நூல் இலக்கம்) எடுத்தால் பெயர் வெளிவருமா?

கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைதான் இலக்கம் தருகிறது; இலங்கை நூல்களுக்கு 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். விண்ணப்பத்தைப் பதிப்பாளர் தன் பெயரில் போட வேண்டும். ஆசிரியர் என்ற இடத்தில் புனைபெயரை எழுதுங்கள். அங்கே எழுதுவதுதான் பட்டியலுக்குப் போகும், பின்னர் மாற்றுவது பெரும்பாடு. நூலில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் பதிப்பாளர் விபரமும் இருக்க வேண்டும். தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் பிரதிகள் போக வேண்டும், அச்சகத்திடம் அதை நினைவூட்டுங்கள். எழுதியவரின் வீட்டு முகவரி எந்தப் பக்கத்திலும் வேண்டியதில்லை.

எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் இடையே என்ன ஒப்பந்தம்?

ஒரு பக்கம் போதும், வாய்ப்பேச்சு போதாது. தமிழில் முதல் அச்சு உரிமை மட்டும், 12 மாதத்துக்கு. மின்னூல், ஒலி, மொழிபெயர்ப்பு எழுதியவரிடமே இருக்கும். சன்மானம் எவ்வளவு, பிரதி எத்தனை என்பது எண்ணால். ஒப்புதல் இல்லாமல் பாத்திரத்தின் பாலையோ முடிவையோ மாற்றக் கூடாது. பெயரை எவரிடமும் சொல்லக் கூடாது, அச்சகத்திடமும்தான். அச்சுக்குப் போகும் நாள் வரை காரணம் சொல்லாமல் கதையைத் திரும்பப் பெறலாம். வீட்டுச் சூழல் ஒரே இரவில் மாறும் என்பதால் இந்தக் கடைசி வரியை எந்தப் பதிப்பாளரும் எடுத்துவிட வேண்டாம். சொந்தப் பெயர் உள்ள தாளை ஒரு பிரதி மட்டும் எடுத்து, ஒட்டிய உறையில் வையுங்கள்.

2016இல் வந்த பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழியாகப் பெயர் மாற்றியவர் எனின், பழைய பெயரில் வந்த கதைகள் மறுபதிப்பில் புதுப் பெயருக்கு வர வேண்டும். பழைய பெயரை அடைப்புக்குள்ளும் போடாதீர்கள்.

வெளியீட்டு விழா வைக்கலாமா?

வைக்கலாம். முதற்பிரதி, சிறப்புப் பிரதி வாங்குவோர் தரும் உறைதான் அச்சுக் கடனை அடைக்கும் வழி என்பதும் தெரியும். ஆனால் ஒன்பது பேரில் எட்டுப் பேர் மேடைக்கு வர முடியாது. பதிப்பாசிரியரும் வெளிப்படையாக இருக்க விரும்புபவரும் மட்டும் மேடையில் இருக்கட்டும். ஏற்புரையைக் கூட்டாக எழுதி ஒருவர் வாசிக்கலாம். மற்றவர்கள் சபையில் சாதாரண வாசகர்களாக இருப்பார்கள். மேடையில் இருந்து எவரும் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவோ நன்றி சொல்லவோ கூடாது. நேரலை வேண்டாம். படப்பிடிப்பாளரிடம் மேடையை மட்டும் எடுக்கச் சொல்லி, முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள்.

வெளிநாட்டு இதழ்களுக்கு அனுப்பலாமா?

நல்ல மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அனுப்புங்கள். 2000இல் தொடங்கிய ஸ்ட்ரேஞ் ஹொரைசன்ஸ் என்ற இதழ், மொழிபெயர்ப்பு ஊகப் புனைவுக்கென்றே 2017 முதல் சமோவார் என்ற இதழையும் நடத்துகிறது. ஒவ்வோர் இதழின் விதிமுறையையும் அனுப்பும் வாரத்தில் வாசியுங்கள், திறந்திருக்கும் காலமும் சொல் எல்லையும் மாறும். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்புவதைப் பல இதழ்கள் ஏற்பதில்லை. பணம் எந்த வழியில் வரும் என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். வங்கிக் கணக்கு அடையாள அட்டைப் பெயரில் இருப்பதால் பதிப்பாசிரியருக்கு அந்தப் பெயர் தெரியவரும். ஒப்பந்தத்தில் அது, கதையின் மேல் புனைபெயர், இரண்டையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள், அது வழமையானது. "துருசு", "வான் பாய்தல்" (குளம் நிரம்பி வழிவது), "காலபோகம்" (மாரிகால நெற்செய்கை) போன்ற சொற்களுக்கு மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு குறிப்புத் தாள் கொடுங்கள். துருசு என்றால் துரு என்று நினைத்து மொழிபெயர்த்தால் கதையே புரண்டுவிடும்.

வீட்டில் தெரிந்துவிட்டால்?

முதலில் ஆள், பிறகு கதை. அன்றிரவு தங்க ஓர் இடமும் பஸ் காசும் உண்டா என்று பாருங்கள். வட்டத்தில் இருவரிடம் இதற்கென்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அவசரத்தில் எல்லாவற்றையும் அழிக்காதீர்கள், கதைகளின் பிரதி ஒன்று நம்பிக்கையானவரிடம் இருக்கட்டும். மனம் உடைந்தால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அடி, மிரட்டல், பொலிஸ் தொல்லை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996. வழக்கு வந்தால் சட்ட உதவி ஆணைக்குழு. 2004 முதல் கொழும்பில் இயங்கும் ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பிடமும் ஆலோசனை கேட்கலாம். கதையைத் திரும்பப் பெறச் சொன்னால் பதிப்பாளர் அன்றைக்கே செய்ய வேண்டும், "இன்னும் யோசியுங்கோ" என்று இழுக்கக் கூடாது.

இன்னும் ஒரு கதையும் எழுதவில்லை. எங்கே தொடங்க?

உங்களுக்குக் கைப்பழக்கமான ஓர் இடத்தை எடுங்கள்: முறிகண்டியில் பஸ் நிற்கும் பத்து நிமிடம், கச்சான் கடை, பிள்ளையாருக்கு உடையும் தேங்காய். அதில் ஒரேயொரு பொருளை மட்டும் மாற்றுங்கள். உடைத்த தேங்காய்க்குள் தண்ணீருக்குப் பதிலாக ஒரு குரல் இருக்கிறது என்று வையுங்கள். அதைக் கேட்கிறவர் உங்களைப் போன்ற ஒருவர், அந்தக் குரல் அவரை அவருக்குப் பிடித்த பெயரால் கூப்பிடுகிறது. பஸ் ஹோர்ன் அடிக்க முன் முடியும்படி 600 சொல்லில் எழுதி, கோப்பில் பெயரை நீக்கிவிட்டு, அடுத்த போயாவுக்கு ஏழு நாள் முன்னம் அனுப்புங்கள்.